விற்காமல் போனதன் விலை: பத்து ஃபெராரிகளின் கதை

2013 ஓகஸ்ட் மாதம், கலிபோர்னியாவின் மொண்டரே நகரத்தில் ஒரு ஏலம் நடந்தது. அதில் மேடைக்கு வந்த கார்களில் ஒன்று கூரை இல்லாத ஒரு சிவப்பு ஃபெராரி. வயசு நாற்பத்தைந்து சொச்சம். 14 முதல் 17 மில்லியன் டொலர் வரைக்கும் போகும் என்று ஏலக் கொம்பனி முதலே மதிப்புப் போட்டு வைத்திருந்தது. சுத்தியல் விழும்போது கேள்வி 25 மில்லியனில் நின்றது. கொம்பனியின் கமிஷனையும் சேர்த்தால் 27.5 மில்லியன், அதாவது இரண்டே முக்கால் கோடி டொலர். அந்த நாள் வரைக்கும் ஏலத்தில் விற்ற எந்த ஃபெராரியும் அவ்வளவு விலைக்குப் போனதில்லை.

அந்தக் காரை 1968இல் புதிதாக வாங்கியவர் கொடுத்தது 14,000 டொலருக்குக் கொஞ்சம் மேல. பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்தாலும் 2013இல் அது ஒரு லட்சம் டொலர் அளவில்தான் வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த விலைக்கே அப்ப அதை வாங்க ஆக்கள் வரவில்லை. 25 கார் செய்வதாகத்தான் திட்டம். பத்து செய்ததோடு நிப்பாட்டிவிட்டார்கள்.

காரைப் பற்றியெல்லாம் வரலாற்றுக் கட்டுரையா எண்டு நீங்கள் கேக்கலாம். எனக்கு இந்தக் கதையில் பிடிபட்ட விசயம் காரை விடப் பெரிசு. "அரிது" என்ற சொல்லை நாங்கள் ஒரு பொருளின் குணம் மாதிரிப் பாவிக்கிறோம். சிவப்பு, கனம், பழசு என்பது மாதிரி அதுவும் பொருளுக்குள்ளேயே இருக்கிற ஒன்று என்று நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு அரிதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. யாரோ செய்த முடிவு, யாரோ வாங்காமல் விட்டது, யாரோ எறியாமல் வைத்திருந்தது எல்லாம் சேர்ந்துதான் ஒரு பொருள் அரிதாகிறது. இந்தப் பத்துக் கார்களில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

கேட்டவர் யார்?

காரின் முழுப் பெயர் ஃபெராரி 275 ஜி.ரி.எஸ்/4 நார்ட் ஸ்பைடர். பெயரை உடைத்துப் பார்த்தால் பாதிக் கதை விளங்கும். 275 என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, கன சென்ரிமீற்றரில். மொத்தம் 12 சிலிண்டர், ஆகவே எஞ்சின் ஏறத்தாழ 3.3 லீற்றர். 4 என்பது வால்வுகளைத் திறந்து மூடுகிற நான்கு கேம் தண்டுகளைக் குறிக்கும். ஸ்பைடர் என்பது குதிரை வண்டிக் காலத்துச் சொல். மெல்லிய பெரிய சில்லுகளோடு, கூரையில்லாமல், சிலந்தி மாதிரி நிக்கிற லேசான வண்டியை அப்படிச் சொன்னார்கள். பிறகு அது திறந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

மிச்சம் இருப்பது நார்ட். இது ஃபெராரி வைத்த பெயரே இல்லை. 'நோர்த் அமெரிக்கன் ரேஸிங் டீம்' என்பதன் சுருக்கம். அந்த அணியை நடத்தியவர் லுயிஜி கினெட்டி.

கினெட்டி 1901இல் வட இத்தாலியில் பிறந்தவர். மெக்கானிக்காகத் தொடங்கி ரேஸ் ஓட்டுநரானவர். பிரான்சில் நடக்கிற லெ மான் 24 மணிநேரப் போட்டியை 1932இலும் 1934இலும் அல்ஃபா ரோமியோ காரில் வென்றார். 1940இல் அமெரிக்காவுக்கு ஒரு போட்டிக்காகப் போனவர், யுத்தம் காரணமாக அங்கேயே தங்கி, பிறகு அந்த நாட்டுப் பிரஜையானார். யுத்தம் முடிந்த பிறகு 1949இல் திரும்பவும் லெ மானுக்கு வந்தார். இந்த முறை ஓட்டியது அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு புதுக் கொம்பனியின் கார்: ஃபெராரி. கூட ஓட்ட வேண்டியவர் காரின் சொந்தக்காரரான செல்ஸ்டன் பிரபு. அவருக்கு உடம்பு சரியில்லை. 24 மணித்தியாலத்தில் 22 மணித்தியாலத்துக்கு மேல கினெட்டி தனியாகவே ஓட்டினார், வென்றார். அப்ப அவருக்கு 47 வயசு. லெ மானில் ஃபெராரியின் முதல் வெற்றி அதுதான்.

பிறகு அவர் அமெரிக்காவில் ஃபெராரியை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கினார். இதை வெறும் ஏஜென்சி வேலை எண்டு நினைக்க வேண்டாம். ஐம்பதுகள், அறுபதுகளில் இத்தாலி யுத்தத்திலிருந்து எழும்பிக்கொண்டிருந்த நாடு. விலை கூடிய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கக் கூடிய காசு அமெரிக்காவில் இருந்தது. ஃபெராரிக்கு ரேஸ் ஓட அந்தக் காசு வேணும். ஆகவே மரனெல்லோவில் என்ன கார் செய்ய வேண்டும் என்பதில் அமெரிக்க விற்பனையாளரின் சொல்லுக்கு ஒரு எடை இருந்தது. ஐம்பதுகளின் கடைசியில் வந்த 250 ஜி.ரி. கலிபோர்னியா ஸ்பைடரும் இப்படி அமெரிக்க வியாபாரிகள் கேட்டதால் பிறந்த கார்தான்.

1966இல் ஃபெராரி 275 ஜி.ரி.பி/4 என்ற மூடிய காரை வெளியிட்டது. 300 குதிரை வலு, ஆறு வெபர் காபரேட்டர், பாரம் முன்னுக்கும் பின்னுக்கும் சமமாக வர கியர்பெட்டியைப் பின்பக்கம் வைத்த அமைப்பு. கினெட்டிக்கும் அவருடைய மகனுக்கும் இதன் திறந்த வடிவம் வேணும். ஃபெராரியிடம் அந்தக் காலத்தில் திறந்த கார் இல்லாமலில்லை. 275 ஜி.ரி.எஸ். என்று முதலே ஒன்று வந்து 200 கார் செய்திருந்தார்கள். ஆனால் அதன் பொடி வேறு, எஞ்சின் வலுவும் குறைவு, ஆறுதலாக ஊர் சுற்றுகிற கார். கினெட்டி கேட்டது பழைய கலிபோர்னியா ஸ்பைடரின் உண்மையான வாரிசை. என்சோ ஃபெராரிக்கு அதில் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. கினெட்டி மொடெனாவில் இருந்த சேர்ஜியோ ஸ்கலியெட்டியிடம் போனார்.

செய்தவர் யார்?

இந்த இடத்தில் கொஞ்சம் நிக்க வேணும். கார் வரலாறுகளில் பொதுவாக இரண்டு பெயர்தான் வரும்: கொம்பனியின் முதலாளி, வடிவமைத்த நிறுவனம். இங்க முதலாளி என்சோ ஃபெராரி, வடிவமைத்தது பினின்ஃபரீனா. ஆனால் தகட்டைக் காராக மாற்றிய ஆக்கள் ஸ்கலியெட்டியின் பட்டறையில் இருந்தார்கள்.

ஸ்கலியெட்டி 1920இல் பிறந்தவர். சின்ன வயசிலேயே பட்டறைக்கு வந்தவர். அவருடைய இடத்தில் அலுமினியத் தகட்டை மணல் மூட்டையில் வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி வளைவு எடுத்தார்கள். கண்ணும் கையும்தான் அளவுகோல். இந்த வேலைமுறையால்தான் ஒரே மொடலில் இரண்டு காரை அளந்தால் சின்னச் சின்ன வித்தியாசம் வரும். இன்றைக்கு அந்த வித்தியாசத்தைக் காட்டித்தான் "கையால் செய்தது" எண்டு சொல்லி விலை கூட்டுகிறார்கள்.

மூடிய காரின் கூரையை எடுத்துவிட்டால் திறந்த கார் ஆகிவிடும் எண்டு நினைக்கலாம். அது அவ்வளவு லேசில்லை. கூரை போனால் முன் கண்ணாடிச் சட்டம் தனியாக நிக்க வேணும். பின்பக்கம் சரிந்து வந்த கூரைக் கோடு இல்லாமல் போகும், அந்த இடத்துக்குப் புதிதாக ஒரு பின்மேடை வேணும். துணிக் கூரை மடிந்து உள்ளே போக இடம் வேணும். இவ்வளவையும் செய்தும் காரைப் பார்த்தால் பிறகு மாற்றினது மாதிரித் தெரியாது, தொடக்கத்திலிருந்தே திறந்த காராக வரைந்தது மாதிரித்தான் இருக்கும். அதைச் செய்த தொழிலாளிகள் ஒருவருடைய பெயரும் காரில் இல்லை. பின்பக்கத்தில் இருப்பது கினெட்டி அணியின் சின்னம் மட்டும்.

ஓட்டியவர்கள்

முதல் காரின் சேசிஸ் இலக்கம் 09437. அலுமினிய பொடி. கினெட்டி அதை ஷோரூமில் வைக்கவில்லை. 1967 ஏப்ரலில், புளோரிடாவில் நடந்த செப்ரிங் 12 மணிநேரப் போட்டிக்கு அனுப்பினார். ஓட்டியவர்கள் இரண்டு பெண்கள்: டெனிஸ் மெக்ளக்கிஜ், பிங்கி ரோலோ. மொத்தத்தில் 17ஆவது இடம். ரேஸுக்கெனச் செய்த கார்களுக்கு நடுவில், தெருவில் ஓடுகிற ஒரு திறந்த கார் 12 மணித்தியாலம் ஓடி முடித்தது சின்ன விசயமில்லை.

மெக்ளக்கிஜ் யார் எண்டது முக்கியம். அவர் ஒரு பத்திரிகையாளர். பிற்காலத்தில் 'ஓட்டோவீக்' என்று பெயர் மாறிய மோட்டார் விளையாட்டுப் பத்திரிகையைத் தொடக்கியவர்களில் ஒருவர். 1961இல் இதே செப்ரிங்கில் தன்னுடைய ஃபெராரியில் ஜி.ரி. பிரிவை வென்றவர். புள்ளி போட்ட ஹெல்மெட்தான் அவருடைய அடையாளம். 1956இலிருந்து 1971 வரைக்கும் லெ மானில் பெண்கள் ஓட அனுமதி இல்லை. அதாவது இந்தக் காரை செப்ரிங்கில் ஓட்டி முடித்த இரண்டு பேரும் அதே காரோடு லெ மானுக்குப் போயிருந்தால் வாசலிலேயே மறித்திருப்பார்கள்.

ரேஸுக்குப் பிறகு அதே கார் 'ரோட் அன்ட் ட்ராக்' சஞ்சிகையின் பரிசோதனைக்குப் போனது. அதுக்குப் பிறகு படத்தில் நடித்தது. 1968இல் வந்த 'த தோமஸ் கிரவுன் அஃபயர்' படத்தில் ஃபே டனவே ஓட்டுகிற கார் இதுதான். கதாநாயகன் ஸ்டீவ் மக்வீன். படத்தோடு நிக்காமல் அவரும் தனக்கு ஒரு நார்ட் ஸ்பைடர் வாங்கினார்.

ரேஸ், சஞ்சிகை, சினிமா. ஒரு காருக்கு இதைவிட என்ன விளம்பரம் வேணும்? ஆனாலும் விற்பனை நடக்கவில்லை.

ஏன் விற்கவில்லை?

இதுக்கு ஒரு காரணம் மட்டும் சொல்ல ஏலாது. விலை ஒன்று. அந்தக் காசுக்கு அமெரிக்காவில் ஒன்றுக்கு மேல நல்ல கார் வாங்கலாம். இரண்டாவது, 1968 தொடக்கம் அமெரிக்காவில் புதிய பாதுகாப்பு விதிகளும் புகைக் கட்டுப்பாடுகளும் வந்தன. ஒரு சின்னக் கொம்பனிக்கு, கொஞ்சக் கார்களுக்காக அதையெல்லாம் சமாளிப்பது கட்டுபடியாகாது. மூன்றாவது, 1968 ஒக்டோபரில் பரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஃபெராரி 365 ஜி.ரி.பி/4ஐக் காட்டியது. 'டேட்டோனா' எண்டு எல்லாரும் சொல்கிற கார் அதுதான். பெரிய எஞ்சின், கூர்மையான மூக்கு, எழுபதுகளின் முகம். அதோடு 275இன் உருண்டையான அழகு பழசாகிப்போனது.

ஆகவே பத்தோடு நின்றது. இந்த "பத்து" யாரும் திட்டம் போட்டு எடுத்த இலக்கம் இல்லை. இன்றைக்கு ஆடம்பரக் கார்க் கொம்பனிகள் "உலகத்தில் 50 மட்டும்" எண்டு எண்ணிக்கையை முதலே அறிவித்துவிட்டு விற்கின்றன. ஏனென்றால் அரிதுக்குக் காசு இருக்கு எண்டு அவர்களுக்கு இப்ப தெரியும். அதைப் படிப்பித்தது நார்ட் ஸ்பைடர் மாதிரித் தோற்றுப்போன கார்கள்தான். அந்தக் காலத்து வியாபாரிக்கு மிஞ்சிக் கிடக்கிற கார் வெறும் நட்டக் கணக்கு.

விலை எப்படி ஏறியது?

இப்ப இரண்டு ஏலத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ.

2005இல் 09437, அதாவது செப்ரிங்கில் ஓடிய, சினிமாவில் வந்த, அலுமினிய பொடி உள்ள முதல் கார், கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் ஏலம் போனது. விலை 3.96 மில்லியன் டொலர். எட்டு வருசம் கழித்து மொண்டரேயில் 27.5 மில்லியனுக்குப் போனது 10709 என்ற இலக்கக் கார். அதுக்கு ரேஸ் வரலாறு இல்லை. சினிமாவும் இல்லை. இரும்புத் தகட்டு பொடி. வட கரோலினாவின் லெக்ஸிங்டனைச் சேர்ந்த எடி ஸ்மித் என்ற வணிகர் 1968இல் புதிதாக வாங்கி, கடைசி வரைக்கும் வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு குடும்பம் அதை ஏலத்துக்குக் கொடுத்தது, வந்த காசைத் தருமப் பணிகளுக்கு என்று அறிவித்தது. வாங்கியவர் கனடாக் கோடீஸ்வரர் லோரன்ஸ் ஸ்ட்ரோல்.

"வரலாறு கூடினால் விலை கூடும்" என்பதுதான் சேகரிப்பாளர்கள் வழமையாகச் சொல்கிற விளக்கம். அது முழுக்கச் சரியெண்டால் முதல் கார்தான் கூட விலைக்குப் போயிருக்க வேணும். ஆனால் வரலாறு குறைந்த கார் ஏழு மடங்கு விலைக்குப் போயிருக்கு. இடையில் என்ன நடந்தது? 2008 நிதி நெருக்கடி நடந்தது. வட்டி வீதம் அடிமட்டத்துக்கு வந்தது. பெரும் பணக்காரர்களின் காசு ஓவியம், வைன், பழைய கார் எண்டு கையால் தொடக்கூடிய பொருட்களுக்குள் வந்து சேர்ந்தது. அடுத்த வருசமே, 2014 ஓகஸ்டில், ஒரு 250 ஜி.ரி.ஓ. 38 மில்லியனுக்கு மேல போய் நார்ட் ஸ்பைடரின் சாதனையை முறித்தது.

அப்ப வரலாற்றுக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கு. ஆனால் சந்தைக்குத் தேவையான வரலாறு ஒரு தனி வகை. ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது, எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்துப்போகிறது, ரசீதுகள் இருக்கு. ஒரு வகையில் பார்த்தால் நாங்கள் ஒரு ஆவணத்தை நம்பலாமா எண்டு பார்க்கிற அதே கேள்விகள்: எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது, நடுவில் யாராவது மாற்றினார்களா? ஃபெராரியே இப்ப பழைய கார்களைப் பரிசோதித்து அசல் எண்டு சான்றிதழ் கொடுக்க ஒரு தனிப் பிரிவு வைத்திருக்கு. ஆவணக்காப்பக வேலைக்கு இவ்வளவு காசு கொடுக்கிற இடம் வேறெங்கும் இருக்குமோ தெரியாது.

அந்த வேலைக்குத் தேவை வந்ததே போலிகளால்தான். திறந்த ஃபெராரிக்கு விலை ஏறத் தொடங்கியதும் மூடிய கார்களின் கூரையை வெட்டுகிற தொழில் ஒன்று கிளம்பியது. டேட்டோனாவில் 1,200க்கு மேல மூடிய காரும் 120 சொச்சம் திறந்த காரும்தான் தொழிற்சாலையில் செய்தார்கள். எழுபதுகள், எண்பதுகளில் அமெரிக்கப் பட்டறைகள் பல மூடிய டேட்டோனாக்களை வெட்டித் திறந்தன. 275 கார்களும் தப்பவில்லை. பிறகு மூடிய கார்களின் விலையும் ஏற, வெட்டின கூரையைத் திரும்பவும் வைத்து ஒட்டின கதைகளும் உண்டு. எண்பதுகளின் 'மயாமி வைஸ்' தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகன் ஓட்டிய திறந்த டேட்டோனா உண்மையில் கோவெட் காரின் மேல போலி பொடி ஏற்றியது. ஃபெராரி வழக்குப் போட்டது. பிறகு தொடருக்கு உண்மையான டெஸ்டரோஸாக்களைக் கொடுத்தது.

வெட்டியவர்களும் கைவேலைக்காரர்தான். ஸ்கலியெட்டியின் ஆக்கள் மொடெனாவில் செய்ததும், அமெரிக்கப் பட்டறைக்காரர் பத்து வருசம் பிந்திச் செய்ததும் அடிப்படையில் ஒத்த வேலை. ஒன்று 'அசல்', மற்றது 'போலி'. சில கார்களில் கண்ணால் பார்த்து வித்தியாசம் பிடிக்கவும் கஷ்டம். பிரிப்பது தொழிற்சாலைப் புத்தகத்தில் இருக்கிற ஒரு வரி.

விலையில் தெரியாதவர்கள்

எனக்கு இந்தப் பணக்காரர்களின் விளையாட்டில் கோபமும் இல்லை, மயக்கமும் இல்லை. ஸ்மித் குடும்பம் காசைத் தருமத்துக்குக் கொடுத்தது நல்ல விசயம். விலை இல்லாவிட்டால் இந்தக் கார்களில் சிலது பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும் என்பதும் உண்மை. விலைதான் அவற்றைக் காப்பாற்றியது. ஆனால் விலை காப்பாற்றுகிற வரலாறு எது எண்டு கேக்காமல் விட ஏலாது.

நார்ட் ஸ்பைடரைப் பற்றி எங்க வாசித்தாலும் மக்வீனின் பெயர் முதல் சில வரிகளுக்குள் வந்துவிடும். மெக்ளக்கிஜும் ரோலோவும் பெரும்பாலும் "செப்ரிங்கில் 17ஆவது" என்ற ஒரு வரிக்குள் அடங்கிவிடுவார்கள். இவ்வளவுக்கும் படத்தில் அந்தக் காரை ஓட்டுவது மக்வீனின் பாத்திரம் இல்லை, டனவேயின் பாத்திரம். போட்டியிலும் பெண்கள், திரையிலும் பெண். ஞாபகத்தில் நிக்கிறது மட்டும் பக்கத்தில் இருந்த ஆண். தகடு தட்டினவர்களுக்கு அந்த ஒரு வரியும் இல்லை.

கினெட்டியின் அணிக்கும் இப்படி ஒரு பின்கதை உண்டு. 1965 லெ மானில் மாஸ்டன் கிரெகரியும் யொகன் ரின்ட்டும் நார்ட் அணியின் 250 எல்.எம். காரில் வென்றார்கள். அதுக்குப் பிறகு ஃபெராரி லெ மானை முழுமையாக வெல்ல 2023 வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தது. அந்தக் கார் பல வருசம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் மோட்டார் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2025 பெப்ரவரியில் அருங்காட்சியகம் தன்னுடைய மற்ற வேலைகளுக்கு நிதி சேர்க்க அதை பரிஸில் ஏலம் விட்டது. விலை 34.88 மில்லியன் யூரோ. டிக்கெட் எடுத்தால் யாரும் பார்க்கக் கூடியதாக இருந்த ஒரு கார் இப்ப தனியார் கையில். அடுத்த சொந்தக்காரர் விரும்பினால் காட்டலாம், விரும்பாவிட்டால் பூட்டி வைக்கலாம்.

ஒரு பொருள் பொதுச் சொத்தாக இருக்கும்போது அதன் வரலாற்றை யாரும் கேக்கலாம், யாரும் எழுதலாம். தனியார் களஞ்சியத்துக்குள் போனதும் ஏலக் கொம்பனியின் விபரப் புத்தகம்தான் அதன் வரலாறு ஆகிறது. அதை எழுதுகிற ஆளின் வேலை விற்பது. விற்பதுக்கு உதவாத பெயர்கள் அதில் சிறுத்துக்கொண்டே போகும்.

கினெட்டி 1994இல், 93ஆவது வயசில் காலமானார். தன்னால் விற்க முடியாமல் போன கார் எங்கே போய் நின்றது என்பதன் முழுக் கணக்கையும் அவர் பார்க்கவில்லை. ஸ்கலியெட்டி 2011இல் இறந்தார். மொண்டரேயில் சுத்தியல் விழுந்தது அதுக்கு இரண்டு வருசம் பிந்தி. மெக்ளக்கிஜ் மட்டும் இருந்தார். 2015இல் இறக்கும் வரைக்கும் கார்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை ஏதாவது பழைய பொருளுக்குக் கோடிக்கணக்கில் விலை போனது எண்டு செய்தி வந்தால், "உலகத்தில் இது இத்தனைதான் இருக்கு" என்ற வரியில் கொஞ்சம் நில்லுங்கோ. ஏன் அத்தனைதான்? மிச்சத்தை யார் செய்யாமல் விட்டது, யார் வாங்காமல் விட்டது, யார் உடைத்தது? இருக்கிறதை யார் கையால் செய்தது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடப் பெரிய காசு தேவையில்லை. நூலகத்தில் கிடக்கிற பழைய சஞ்சிகைகளும் போட்டி முடிவுப் பட்டியல்களும் போதும், தொடங்க.